திருநின்றவூரில் ஒரு கதவு

திருவள்ளூர் லாட்ஜின் மேலாளர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார், என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார்.

“தனியாவா வந்துகிறீங்க?”

“ஆமா.”

“லேடீஸ் தனியா வந்தா ரூம் குடுக்கறதில்ல மேடம். எதுனா பேஜாரு ஆச்சுன்னா நாங்கதான் பதில் சொல்லணும்.”

ஐம்பதைத் தாண்டிய, முழங்கால் வலிக்காரியான நான் என்ன பேஜார் செய்துவிடப் போகிறேன் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. மஸ்கட்டில் நர்ஸ் வேலை, விடுமுறைக்கு நாகர்கோவில் போகிறேன், போகிற வழியில் இந்தப் பக்கம் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றேன். நர்ஸ் என்றதும் முகம் மாறியது. “அத்த மொதல்லியே சொல்லக் கூடாதா சிஸ்டர்?” என்று சாவியை எடுத்தவர், மாடிப்படி ஏறும்போதே தன் சர்க்கரை அளவைச் சொல்லி, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று கேட்டார். அறையில் ஒரு கட்டில், ஒரு கண்ணாடி, தெருவைப் பார்த்த ஜன்னல்.

மறுநாள் அமாவாசை. வேண்டுதலுக்காகப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க எங்கெங்கிருந்தோ வந்த கூட்டம் தெருவெல்லாம் பாய் விரித்துப் படுக்க இடம் பிடித்துக்கொண்டிருந்தது. நான் இட்லி சாப்பிட உட்கார்ந்த மேசையில் பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம். தமிழும் தெலுங்கும் கலந்து பேசிக்கொண்டார்கள். அந்த வீட்டுப் பெண் என் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்து, “உங்க கூட வந்தவங்க கை கழுவப் போயிருக்காங்களா?” என்றாள். யாரும் வரவில்லை என்றதும், எதையோ தப்பாகக் கேட்டுவிட்டவள் போலத் தன் தட்டிலிருந்த வடையைப் பிட்டு என் தட்டில் வைத்தாள்.

மஸ்கட்டில் நான் இருப்பது ஒரு கட்டுமானக் கம்பெனியின் தொழிலாளர் முகாம் மருந்தகத்தில். ஆண்கள் மட்டுமே இருக்கும் முகாம். தலைவலி, வயிற்றுவலி என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நோய் ஒன்றும் இருக்காது. தமிழில் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். ஜெயசீலன் அப்படி வந்தவன் இல்லை. அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தகடு வளைக்கும் இயந்திரத்தில் வலது கை மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. காயம் ஆறும் வரை கட்டுப் போட்டவள் நான்தான். கம்பெனி அவனை ஸ்டோரில் உட்கார வைத்தது.

ஊரில் இருக்கும் மனைவி மேகலாவிடம் அவன் சொல்லவே இல்லை. வீடியோ காலில் முகத்தை மட்டும் காட்டிப் பேசினான். நான் விடுமுறைக்குக் கிளம்புவது தெரிந்ததும் ஒரு பையோடு வந்தான். பேரீச்சம்பழம், செண்ட் பாட்டில், பால் பவுடர் டின். “இத்த குடுத்துட்டு, அப்படியே விசயத்தையும் சொல்லிடுங்க சிஸ்டர். போன்ல சொன்னா அவ தாங்க மாட்டா. நீங்க நேர்ல சொன்னா, நான் பொழச்சிக்குவேன்னு நம்புவா.”

சரி என்றேன். எனக்காக ஊரில் யாரும் வழி பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இரண்டு நாள் தாமதமானால் கேட்க ஆளில்லை.

காலையில் மின்சார ரயிலில் ஏறினேன். திருநின்றவூருக்குப் போக வேண்டியவள் எந்த நிலையம் வருகிறது என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்க, அவள் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் குத்துமதிப்பாகத் தலையாட்ட, செவ்வாப்பேட்டையிலேயே இறங்கிவிட்டேன். அடுத்த வண்டி வரும் வரை நடைமேடையில் கொய்யாப்பழம் விற்றவளோடு பேசிக்கொண்டிருந்தேன். வண்டி வந்தபோது அவள், மிளகாய்த்தூள் தடவிய ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டாள்.

திருநின்றவூரில் நிலையத்துக்கு வெளியே எங்கு பார்த்தாலும் மனை விற்பனைப் பலகைகள். வயலாக இருந்த இடங்களில் கல் நட்டிருந்தார்கள். ஆட்டோ அதையெல்லாம் தாண்டி ஒரு பெரிய கேட்டின் முன் நின்றது. உள்ளே நாலைந்து அடுக்குக் கட்டடங்கள், நடுவில் புல்தரை, குழந்தைகள் விளையாட ஊஞ்சல். ஊஞ்சலில் யாரும் இல்லை. காவலாளி பெயரை எழுதச் சொன்னார், செல்போனில் என்னைப் படம் எடுத்தார், மேகலாவின் வீட்டுக்குப் பேசினார். “போங்க” என்றார்.

நீளமான நடைபாதை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு கண் துவாரம். வெளியே ஒரு செருப்புகூட இல்லை. எங்கள் முகாமில் ஒரு அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று செருப்பை வைத்தே சொல்லிவிடலாம். இங்கே அதையும் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

மணியை அடித்தேன். மரக்கதவு திறந்தது, இரும்புக் கம்பிக்கதவு திறக்கவில்லை. கம்பிக்குப் பின்னால் முப்பது வயதுக்குள் ஒரு பெண் நின்றாள். தலையை இழுத்துக் கட்டியிருந்தாள், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

“மேகலாதானே? நான் மஸ்கட்ல இருந்து வர்றேன். ஜெயசீலன் சாமான் குடுத்து விட்டிருக்கார்.”

“யாரோ வருவாங்கன்னார். லேடீஸ்னு சொல்லல” என்றாள். என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். அப்போதும் எடுக்கவில்லை.

“எங்க அசோசியேசன் குரூப்ல போட்டிருக்காங்க. வெளிநாட்டுல இருந்து சாமான் கொண்டாந்தேன்னு சொல்லிக்கினு வர்றவங்கள நம்பாதீங்கன்னு. தப்பா நெனைக்காதீங்க. பைய அங்கயே வச்சிட்டுப் போங்க.”

“உள்ள வந்து ஒரு அஞ்சு நிமிசம் பேசணும்மா.”

“எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லுங்க.”

எதிர்க் கதவின் கண் துவாரத்தில் வெளிச்சம் மறைந்தது. யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனுடைய விரல்கள் போனதை அந்தக் கம்பி வழியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நர்ஸ் வேலையில் எத்தனையோ கெட்ட செய்திகளைச் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்வேன். இங்கே பிடிக்க முடியாது.

பையை வைத்துவிட்டால் மறுபடி வர ஒரு காரணமும் இருக்காது. அதை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அது அவளுக்கு இன்னும் சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும். நான் லிப்ட்டுக்குப் போவதற்குள் மரக்கதவும் சாத்திக்கொண்டது, உள்ளே ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ப்பாள்கள் விழுந்தன.

அன்று சாயங்காலம்தான் ஜெயசீலன் போனை எடுத்தான்.

“சொல்லிட்டீங்களா சிஸ்டர்?”

“கதவே திறக்கல. நீ ஏன் எடுக்கல?”

“நீங்க சொல்லிட்டு இருப்பீங்க, அழுதுக்கினே கூப்புடுறான்னு நெனச்சேன். பயமா இருந்திச்சு.”

திட்ட வாய் வரவில்லை. ஸ்டெல்லா அக்காவைப் பாருங்கள் என்றான். கும்மிடிப்பூண்டியில் அவர்கள் முன்பு குடியிருந்த லைன் வீட்டில் பக்கத்து அறைக்காரி. மேகலாவும் அவளும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். “அந்த அக்கா சொன்னா மேகலா கேப்பா. நம்பர் மாறிடுச்சு. ஊடு மட்டும் அங்கயேதான் கீது.”

மூன்றாம் நாள் பஸ்ஸில் கும்மிடிப்பூண்டி. பெரியபாளையம் தாண்டி ஓரிடத்தில் டயர் பஞ்சராகி நின்றது. வேறு பஸ் வந்தபோது இரண்டு பஸ் கூட்டம் ஒன்றில் ஏறியது. எனக்கு எப்படியோ இடம் கிடைத்தது. நின்றவர்கள் என்னைக் கேட்காமலேயே என் மடியில் பைகளை வைத்தார்கள். ஒரு சாப்பாட்டுக் கூடை, ஒரு பள்ளிக்கூடப் பை, கடைசியில் ஒரு கைக்குழந்தை. குழந்தையின் அம்மா நாலு ஆள் தள்ளி எங்கேயோ நின்றாள், என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்திருக்க மாட்டாள். குழந்தை என் சேலையில் எச்சில் வழிய விட்டுத் தூங்கியது. முந்தின நாள் ஒரு கம்பிக்கதவுக்கு முன்னால் நின்ற அதே ஆள்தான் நான், அதே சேலைகூட.

கும்மிடிப்பூண்டியில் காற்றிலேயே இரும்பு வாசனை. தொழிற்பேட்டைச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. வேப்ப மரங்களின் இலைகூடக் கறுத்திருந்தது. டீக்கடையில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் ஒரே நேரத்தில் கேட்டது. ஸ்டெல்லா என்றதும் டீக்கடைக்காரர் கையைக் காட்டி அனுப்பவில்லை. கடையைப் பக்கத்தில் நின்றவரிடம் விட்டுவிட்டுத் தானே கூட நடந்து வந்தார்.

ஒரு கூரைக்குக் கீழே எதிரெதிராக அறைகள், நடுவில் நடைபாதை, கடைசியில் ஒரு குழாய். ஸ்டெல்லா அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்திருந்தாள். நாற்பது வயது, கனத்த குரல், கம்பெனிச் சட்டையை இன்னும் கழற்றவில்லை. மஸ்கட், ஜெயசீலன் என்ற இரண்டு வார்த்தைதான் சொன்னேன்.

“உள்ள வாங்க, குந்துங்க. தண்ணி வர்ற நேரம், விட்டா போயிடும். அந்தக் கொழம்ப கொஞ்சம் பாத்துக்கோங்க” என்று குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு அறை முழுவதும் என்னிடம் விடப்பட்டது. கட்டிலின் மேல் அவள் கைப்பை, அலமாரியில் சாவி தொங்கியது. நான் கரண்டியோடு காரக்குழம்பைக் கிளறிக்கொண்டு நின்றேன். நாகர்கோவிலில் என் சொந்த வீட்டில் நான் கடைசியாக அடுப்பருகே நின்று வெகுகாலம் ஆகியிருந்தது.

அவள் திரும்பி வந்ததும் கேட்டேன். “முன்னப் பின்ன தெரியாத ஆளை இப்படி விட்டுட்டுப் போறீங்களே?”

“இங்க இன்னா கீது, நீங்க தூக்கிக்கினு போறதுக்கு?” என்று சிரித்தாள். பிறகு எதிர் அறையைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். “அதுக்குன்னு அல்லாரையும் உட மாட்டேன். அந்த வடக்கத்திப் பசங்க ரொம்ப நாளா கீறானுங்க. ஆனா குழாய்க்குப் போனாகூட பூட்டிக்கினுதான் போவேன். பேச்சே புரியல. எப்படி நம்பறது?”

எதிர் அறை வாசலில் ஒரு இளைஞன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான். மஸ்கட்டில் என் பேச்சும் யாருக்கோ புரியாத பேச்சுதான்.

சோறு போட்டாள். மேகலா கதவைத் திறக்காததைச் சொன்னேன். நாளைக்கு என்கூட வர முடியுமா என்று கேட்டதும் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

“நான் வரல சிஸ்டர். அவங்க பால் காச்சினப்போ இந்த லைனே வேன் புடிச்சி போனோம். படிக்கட்டுல குந்தி சாப்புடறோம்னு ஒரு ஆளு வந்து சத்தம் போட்டான். இங்கெல்லாம் இப்படிக் குந்தக் கூடாதுன்னான். மேகலா பக்கத்துலதான் நின்னா. வாயத் தொறக்கல. எங்க அறையும் அவ அறையும் ஒரே அறை மாதிரி இருந்துச்சு. அவ சாவி என் கழுத்துல கெடக்கும். அன்னிக்கு யாரோ மாதிரி நின்னா.” அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

“ஒரு விசயம் இருக்கு ஸ்டெல்லா. மேகலாகிட்டதான் முதல்ல சொல்லணும். அதுக்கு முன்னாடி உங்ககிட்டகூட சொல்லக் கூடாது.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். “உசுருக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்ல.”

“சரி, ஷிப்டு மாத்திக்கிறேன்” என்று மோரை ஊற்றினாள். என்ன விசயம் என்று அப்போதும் கேட்கவில்லை, மறுநாள் வழியிலும் கேட்கவில்லை. அந்த இரவு அவள் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தாள். அவள் கணவர் லாரியில் விஜயவாடா பக்கம் போயிருந்தார்.

நான்காம் நாள். சரக்கு ரயிலுக்கு வழிவிட்டு எங்கள் ரயில் வழியில் வெகுநேரம் நின்றது. ஸ்டெல்லா அவித்த வேர்க்கடலையை வாங்கி, பெட்டியில் எதிரே இருந்தவர்களுக்கும் கொடுத்தாள். மத்தியானம்தான் கேட்டை அடைந்தோம்.

காவலாளி என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஸ்டெல்லாவிடம், “வேலைக்கா? வேலைக்கு வர்றவங்க அந்தப் பக்கம் போங்க” என்றார்.

ஸ்டெல்லா அவரோடு சண்டைக்குப் போகவில்லை. மேகலா வீட்டுக்குப் பேசச் சொன்னாள். பேசினார், எடுக்கவில்லை. “அவங்க எடுக்காம உட முடியாது” என்றார்.

ஸ்டெல்லா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். குழாயடியிலிருந்து கூப்பிடும் குரலில், “மேகலா! ஏ மேகலா!” என்று கத்தினாள்.

“ஏம்மா, கத்தக் கூடாது” என்று காவலாளி எழுந்தார்.

“பின்ன எப்படிக் கூப்புடறது? ஏ மேகலா! நான் ஸ்டெல்லா வந்துகிறேண்டி!”

ஒவ்வொரு பால்கனியாகத் திறந்தது. முந்தின முறை மேகலாவைத் தவிர ஒரு முகத்தைக்கூடப் பார்க்காத கட்டடத்தில் இப்போது எங்கும் முகங்கள். ஒரு வயதானவர் பனியனோடு, ஒரு பெண் துணி காயப்போடும் கிளிப்போடு. மூன்றாம் மாடியில் மேகலா தெரிந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் அசையாமல் நின்றாள். பிறகு காணாமல் போனாள். லிப்ட்டுக்குக் காத்திருக்கவில்லை போலிருக்கிறது. படிக்கட்டிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள், காலில் செருப்பில்லை. கேட் திறந்ததும் ஸ்டெல்லாவின் தோளில் விழுந்தாள். “ஏங்க்கா இத்தினி நாளு வரல?”

“நீ கூப்ட்டியாடி?” என்றாள் ஸ்டெல்லா. கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் கை மேகலாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

கம்பிக்கதவு விரியத் திறந்திருந்தது. பெரிய கூடம், புது சோபா, அதன் மேல் இன்னும் கழற்றாத பிளாஸ்டிக் உறை. ஜெயசீலன் கொடுத்த பையை வைத்துவிட்டு, மேகலாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டேன்.

“உங்களுக்கும் அவருக்கும் இன்னா உறவு?” என்று அவளே முந்திக்கொண்டாள். “சொல்லிடுங்க. எனக்குத் தெரியும். மாசக்கணக்கா மூஞ்ச மட்டும் காட்டி பேசறாரு. முன்னல்லாம் ரூமு, சாப்பாடு எல்லாம் காட்டுவாரு. கேட்டா வேலை டைம்னு கட் பண்ணிடுவாரு. அப்பறம் நீங்க வந்து நிக்கிறீங்க.”

அப்போதுதான் புரிந்தது. திருட்டுப் பயம் மட்டும் இல்லை. இவ்வளவு நாளாக இந்தச் சந்தேகத்தோடு, இத்தனை கதவுகளுக்கு நடுவில், யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அந்த லைன் வீட்டில் இருந்திருந்தால் முதல் நாளே குழாயடியில் ஸ்டெல்லாவிடம் கொட்டியிருப்பாள்.

“நான் அவர் கைக்குக் கட்டுப் போட்ட நர்ஸ்மா” என்றேன். பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். எந்த விரல்கள், எப்படி ஆறியது, இப்போது என்ன வேலை செய்கிறான், ஏன் மறைத்தான்.

அவள் என் கையை விடவில்லை. “வெரலா?” என்றாள். “வெரலுதானா?” என்று சிரித்தாள், சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. நல்லவேளை என்று நினைத்ததற்காகத் தன்னையே அடித்துக்கொள்வது போல நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஸ்டெல்லா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளும் அழுதாள்.

மேகலா போனை எடுத்தாள். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தான்.

“கையக் காட்டு” என்றாள்.

திரையில் என்ன வந்தது என்று நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த கைதான். எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

ஸ்டெல்லா இரண்டு நாள் மேகலாவுடன் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். என்னை அனுப்பிவைக்கக் கேட் வரை வந்தாள். ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது கேட்டாள்.

“ஊர்ல யாரு கீறாங்க சிஸ்டர்?”

“வீடு இருக்கு. நல்ல காலனி.”

“ஊடு கெடக்கட்டும். ஆளு?”

அந்தக் காலனியில் எத்தனை வருடம் வரி கட்டியிருக்கிறேன். எந்த வீட்டு வாசலில் நின்று இப்படிப் பெயர் சொல்லிக் கத்த முடியும் என்று யோசித்தேன். பக்கத்து வீட்டுக்காரரின் முகம் தெரியும், அவர் கார் தெரியும். “யாரும் இல்ல ஸ்டெல்லா” என்றேன். வெளியில் யாரிடமும் இதற்கு முன் சொன்னதில்லை.

அவள் என் போனை வாங்கித் தன் எண்ணைப் பதிந்து கொடுத்தாள். “ஊட்டுக்குப் போனதும் பேசுங்க” என்றாள். ஆட்டோ வந்துவிட்டது.

அடுத்த நாள் காலை நாகர்கோவிலில் இறங்கினேன். கதவைத் திறந்தேன். அடைத்துக் கிடந்த வீட்டின் புழுக்கம், தரையெல்லாம் பல்லி எச்சம். ஜன்னல்களைத் திறந்துவிட்டு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். பின்னால் மேகலாவின் குரலும் மிக்ஸி ஓடும் சத்தமும் கேட்டன.

“சேந்துட்டீங்களா சிஸ்டர்? நாஷ்டா துன்னீங்களா?”

“இல்ல, இனிமேதான்.”

“மொதல்ல துன்னுங்க. அப்பறம் பேசலாம்” என்று வைத்துவிட்டாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கடைக்குப் போய் அரை லிட்டர் பாலும் ரவையும் வாங்கி வந்தேன்.